மாப்பிள்ளை தட்டில் வைக்காத பெட்டி

ஜூன் 24, திங்கள்

வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் ஏழாம் வகுப்பில் விலைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், ஒரு பேனா பத்து ரூபாய். மூணு சேத்து வாங்கினா இருபத்தஞ்சுன்னு கணக்குல இருக்குது. அப்ப அந்த மூணுல எந்தப் பேனாவுக்கு வெல கொறஞ்சுது?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மொத்தமாக வாங்கினால் குறையும், உட்கார் என்றேன். அவள் உட்கார்ந்தாள், ஆனால் பதில் கிடைத்த முகமாக இல்லை.

இன்று பரணில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஏனோ அந்த முகம் நினைவுக்கு வந்தது.

இடம் ஒழிப்பது மகள் பூவிழியின் சீர்ச் சாமான்கள் திரும்பி வருவதற்காக. அவள் திருப்பூரிலிருந்து உடுமலைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இனி அந்த வீட்டுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வேலுச்சாமியும் தடுக்கவில்லை. கொடுத்த சாமான்களைப் பெரியவர்கள் முன்னிலையில் பிரித்து வாங்கிக்கொள்வது, பிறகு வக்கீலைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

எங்கள் உறவுக்குள் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்யாணத்தன்று சீரை இரண்டு வகையாகத் தட்டில் வைப்போம். பெண்ணுக்கு வைப்பது பெண் தட்டு. மாப்பிள்ளைக்கு வைக்கிற கடிகாரம், சங்கிலி, உடுப்பு எல்லாம் மாப்பிள்ளை தட்டு. பிரிவு வந்தால் பெண் தட்டுச் சாமான் திரும்பும், மாப்பிள்ளை தட்டுச் சாமான் திரும்பாது. தண்ணீர்க் குழாயில் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வு போடுவார்களே, அது போலத்தான்.

பரணில் எலிப் புழுக்கை. நாளைக்கு வெயிலில் சாக்குகளைக் காயவைக்க வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

சாக்கு காய்ந்தது. சாயந்திரம் தூறியதில் மறுபடி நனைந்தது.

ஜூன் 30, ஞாயிறு

என் மனைவி சரோஜினியின் அண்ணன் தங்கமுத்து மச்சான் வீட்டில் கூட்டம். அவர் தேங்காய் வியாபாரி; இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். எங்கள் பக்கம் நானும் அவரும். அந்தப் பக்கம் வேலுச்சாமி, மாப்பிள்ளை சுதர்சன், இன்னும் இரண்டு பெரியவர்கள். பெண்கள் இதில் உட்காருவது வழக்கமில்லை. பூவிழி வீட்டில் லேப்டாப்பில் வேலையாக இருந்தாள்.

கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பெண் தட்டில் வைத்தவை என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர்களே ஒத்துக்கொண்டும், வெண்கலப் பாத்திரங்களுக்கு மட்டும் வேலுச்சாமி இழுத்தார். அவை சரோஜினியின் அம்மா வீட்டுப் பாத்திரங்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஏனுங்க வாத்தியாரே, பையன் ரூம்ல அந்த கேம் பொட்டி ஒண்ணு கெடக்குது. அது எந்தத் தட்டுங்க? அது மாப்ள தட்டுன்னா, வெங்கலத்தப் பூராவும் நீங்க எடுத்துக்கோங்க. பேச்சு முடிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டிவியில் மாட்டி விளையாடுகிற கருவியும், அதற்கான விளையாட்டுகள் அடங்கிய ஒரு அட்டைப்பெட்டியும். ஆண்பிள்ளைகள் விளையாடுகிற சாமான், வேறு எந்தத் தட்டில் இருந்திருக்கும்?

"மாப்ள தட்டுத்தானுங்க" என்றேன்.

சுதர்சன் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைப் பார்த்தார். மச்சான் வீட்டில் காபி கொடுத்தார்கள். சுமுகமாக முடிந்ததில் எனக்குத் திருப்தி.

ஜூலை 1, திங்கள்

நேற்றைய திருப்தி ஒரு நாள் தங்கவில்லை.

பூவிழி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னென்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேம் பெட்டியிடம் வந்ததும் அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"அதையுமா குடுத்தீங்க?"

"அதுல என்ன கண்ணு இருக்குது. ஆசையா இருந்தா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"அது இப்பக் கெடைக்காதுங்கப்பா" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஒரே அளவில், ரூல் தடி வைத்து நறுக்கினது போல.

என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள நான் என்ன செய்துவிட்டேன்? வெண்கலத்தை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு ஒருவரும் எதுவும் சொல்வதில்லை. பிறகு தெரியவில்லையே என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 3, புதன்

சரோஜினி விவரம் வாங்கி வந்து சொன்னாள். அந்தக் கருவியையும் பெட்டியையும் பூவிழி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் சம்பளத்தில் வாங்கியிருக்கிறாள். ஒரே கதையின் ஆறு பாகங்கள், ஆறு விளையாட்டுகள், ஒரு பெட்டி.

"அந்த வீட்ல அவளக் கேக்காம ஆரும் தொடாத சாமான் அது ஒண்ணுதானாமா. அப்புறம் அதையும் தொட்டாங்களாமா" என்றாள் சரோஜினி.

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"தீபாவளிக்கு வந்தப்ப என்னமோ சொல்ல வந்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்கதான் பையத் தூக்கிட்டுப் போயி ஏத்தி விட்டீங்க."

பண்டிகை நாளில் திருப்பூர் பஸ்ஸில் உட்கார இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்று இவளுக்குத் தெரியாது.

சாயந்திரம் இன்னொன்று. பழைய சாமான் விற்கிற இணையதளத்தில் சுதர்சன் அந்தப் பெட்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பூவிழி போனை என்னிடம் நீட்டினாள். சரோஜினி கொடுத்த பூப்போட்ட போர்வையின் மேல் பெட்டியை வைத்துப் படம் எடுத்திருக்கிறார். கீழே எழுதியிருந்ததை அப்படியே குறித்துக்கொண்டேன்: "சின்ன வயதிலிருந்து ஆசை ஆசையாய்ச் சேர்த்தது. மனசில்லாமல் கொடுக்கிறேன். உண்மையான ரசிகர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்."

அதில் போட்டிருந்த விலைக்கு எங்கள் பீரோவையும் கிரைண்டரையும் சேர்த்து வாங்கி, மிச்சத்தில் வண்டி வாடகையும் கொடுக்கலாம்.

சின்ன வயதிலாம். இந்தப் பெட்டி வெளிவந்ததே அவருக்கு மீசை முளைத்துப் பல வருடம் கழித்து. தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனைப் பிடித்திருக்கிறேன். பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதினவனை இப்போதுதான் பார்க்கிறேன். பொருளை எடுத்துக்கொண்டால் போகிறது, அதன் மேல் உள்ள ஆசையையுமா எடுத்துக்கொள்வது?

சாப்பாடு இறங்கவில்லை. மோர் குடித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

கோயம்புத்தூர் போனேன். கண் டாக்டரிடம் என்று சரோஜினியிடம் சொன்னேன். கண் டாக்டரையும் பார்த்தேன். சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

காந்திபுரத்தில் பழைய விளையாட்டு டிஸ்க் வாங்கி விற்கிற கடை ஒன்று இருக்கிறது. மாடியில், குறுகலான படி. கடைக்காரர் இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். பெட்டியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முழுசா இருக்குதுங்களா சார்? உள்ள ஒரு வரைபடம் இருக்கும், பாட்டு டிஸ்க்கு ஒண்ணு இருக்கும்."

"இருந்தா என்னங்க, இல்லைன்னா என்னங்க?"

"பிரிச்சீங்கன்னா ஒண்ணுமே இல்லீங்க. ஆறு கேமும் தனித்தனியா இன்னைக்கும் கெடைக்குது. பழைய டிஸ்க்கு வெலதான். ஆறும் சேந்து, அந்தப் பொட்டியோட, எதுவும் கொறையாம இருந்தாத்தான் இந்த வெல. கம்பெனி கொஞ்சமாத்தான் போட்டாங்க. வாங்கினவங்களும் பாதிப் பேரு பிரிச்சு வித்துட்டாங்க."

எனக்கு அந்த மாணவிதான் நினைவுக்கு வந்தாள். அவள் கேட்டதன் மறுபக்கம் இது. மூன்று பேனா சேர்ந்தால் விலை குறைந்தது. இங்கே ஆறு சேர்ந்ததால் ஏறியிருக்கிறது. எந்த விளையாட்டுக்கு ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. சேர்த்து வைத்திருந்தவளுக்குத்தான் அந்தக் கூடுதல் என்று எனக்குப் பட்டது. பிரிக்காமல், தொலைக்காமல், இத்தனை வருடம் ஒருத்தி காப்பாற்றியிருக்கிறாள். சுதர்சன் கேட்கிற விலை அந்தக் காவலுக்கு உள்ள விலை. அதில் அவர் பங்கு என்ன?

"பையனுதுங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

"மகளுது."

"ஓ. அவங்க அண்ணன் வாங்கி வெச்சிருந்ததா இருக்குமுங்க" என்று சிரித்தார்.

அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். பொள்ளாச்சி வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு பெண் தன் பணத்தில் தனக்குப் பிடித்ததை வாங்குவாள் என்று இந்தக் காலத்திலும் ஒருவருக்குத் தோன்றவில்லை என்றால், நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுத்தோம்?

ஜூலை 6, சனி

அந்தக் கடைக்காரரை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் படித்தவர் போலத்தான் இருந்தார்.

ஜூலை 8, திங்கள்

தங்கமுத்து மச்சானைப் பார்க்கக் களத்துக்குப் போனேன். கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் தலைத்துண்டை எடுத்து உதறினார்.

"மாப்ள, சபையில சொன்ன வாக்கு. மாப்ள தட்டுன்னு நீங்கதான சொன்னீங்க? நாங்களா சொன்னோம்?"

"கணக்குல தப்பு வந்தா அடிச்சுட்டு எழுதறதில்லையா மச்சான்?"

"அடிச்சு எழுதினவனுக்கு நீங்க எத்தன மார்க்கு போட்டீங்கன்னு உங்ககிட்டப் படிச்சவனப் போயிக் கேளுங்க. என்ற தம்பி இன்னமும் உங்களத் திட்டீட்டுத்தான் இருக்கறான்."

பக்கத்தில் கொப்பரை திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு விளையாட்டுச் சாமானுக்காக வாக்கு மாறினார் என்று ஊர் பேசும் என்றார் மச்சான். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தங்கள் நிலத் தகராறு, பாகப் பிரிவினை எல்லாவற்றுக்கும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இந்தச் சபைக்காரர்கள். அவர்கள் முன்னால் போய் நான் எப்படி மாற்றிச் சொல்வது?

நான் மாற்றிச் சொல்லத் தேவையில்லை என்று வரும் வழியில் தோன்றியது. உண்மை தானாக வெளியே வரும்படி செய்தால் போதும். கிளாஸுக்குள் யார் பாடம் படித்தார், யார் படிக்கவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும்.

மச்சான் கடைசியில் இன்னொரு தரம் உட்கார ஒத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமையே வெச்சுக்கலாம். ஆடி பொறந்துட்டா ஒருத்தனும் வரமாட்டான்."

ஜூலை 11, வியாழன்

கேள்வித்தாள் தயாராகிவிட்டது. அந்த விளையாட்டுகளைப் பற்றிச் சுதர்சனைக் கேட்பேன். உண்மையில் விளையாடியவருக்குத்தான் பதில் தெரியும்.

"ரிட்டையர்டு ஆன மனுசனுக்கு ஒரு பரீட்ச கெடச்சுருச்சு. இனி கையில புடிக்க முடியாது" என்றாள் சரோஜினி.

கேள்விக்காகப் பூவிழியிடம் பேச்சுக் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். துணி மடித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கதை ஒரு தீவில் நடக்கிறது. அணைந்துபோன கலங்கரை விளக்குகளை ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு பெண். முதல் பாகத்தில் சிறுமி, பாகத்துக்குப் பாகம் வயது கூடி, ஆறாவதில் கிழவி. அவளால் வேகமாக நடக்க முடியாது. ஆனால் தீவு முழுவதும் அவளுக்கு அத்துப்படி.

"முடிவுல என்ன ஆகுது?"

"தெரியாதுங்கப்பா. ஆறாவது பாதியில நிக்குது. கையில புடிச்சு வெளையாடற கண்ட்ரோலர அவரு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு."

"எதுக்கு?"

"சாப்பாடு ஆறிப்போச்சுன்னு."

கேள்வித்தாளுக்கு இது தேவைப்படாது. ஆகவே கேள்வித்தாளில் குறித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிளம்பும்போது பூவிழி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நீ எதற்கம்மா என்றேன். "என்ற பொட்டிக்குத்தான போறீங்க" என்றாள். ஆட்டோ காத்திருந்தது. வாக்குவாதம் செய்ய நேரமில்லை.

மச்சான் வீட்டுக் கூடத்தில் போன தடவை வந்தவர்களே. பூவிழியைப் பார்த்ததும் வேலுச்சாமி துண்டைச் சரி செய்துகொண்டார். மச்சான் சொல்லியிருந்தபடி பெட்டியையும், கண்ட்ரோலரோடு கருவியையும் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். பூவிழி உள்ளே போகாமல், கூடத்துக் கதவை ஒட்டி நின்றாள்.

"மாப்ளைக்குச் சின்ன வயசுல இருந்து இதுல பிரியம்னு கேள்விப்பட்டேன். சும்மா ரெண்டு கேள்வி கேக்கறேன்" என்று ஆரம்பித்தேன்.

கதை எங்கே நடக்கிறது? தீவில் என்றார் சுதர்சன். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள்? விளக்கேற்றுகிறாள் என்றார். ஆறாம் பாகத்தில் அவள் எப்படி இருப்பாள்? வயதானவளாக என்றார். நான் கேட்கக் கேட்கத் தடங்கலில்லாமல் வந்தது. எனக்கு வேர்த்தது. பிறகுதான் கவனித்தேன். பெட்டியின் பின்பக்கம் அவரைப் பார்த்து இருந்தது. எல்லாம் அதில் அச்சடித்திருக்கிறது. விற்கிறதற்காகப் படித்திருப்பார் போல.

"பையன் பாஸுங்களா வாத்தியாரே?" என்றார் வேலுச்சாமி. கூடம் சிரித்தது. மச்சானும் சிரித்தார்.

நான் வைத்த தேர்வில் அவர் தேறிவிட்டார். அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினேன்.

"போதுங்கப்பா" என்றாள் பூவிழி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது.

"அவருக்குத் தெரிஞ்சா அது அவருதாயிருமா? நம்ம வீட்டு டிவியப் பத்தி எதுத்த வீட்டுக்காரருக்கும் தெரியும். போன தடவ எந்தத் தட்டுன்னு உங்களக் கேட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்க. இன்னைக்கு அவரக் கேக்கறீங்க, அவரும் சொல்றாரு. பொட்டி வாங்கினவ இங்கயேதான் நிக்கறேன்."

"பெரியவங்க பேசீட்டிருக்கறப்ப..." என்று அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார்.

"நானும் அதத்தானுங்க பாத்துட்டிருந்தேன். பேசி முடிப்பீங்கன்னு" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதிலிருந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அப்படிப்பட்ட கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறேன். தாளை மடித்தேன்.

"பூவிழி, இது யாருது?"

"என்னுதுங்கப்பா."

"எந்தத் தட்டுல வெச்சுது?"

"எந்தத் தட்டுலயும் வெக்கல. கல்யாணத்துக்கு மறுநா கார்ல என்ற மடியில வெச்சுக் கொண்டுபோனேன். பக்கத்துல அவரும்தான் உக்காந்திருந்தாரு."

எல்லாரும் சுதர்சனைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு அம்மிணி?" என்றார் வேலுச்சாமி.

"ஆரும் கேக்கலீங்களே மாமா."

நான் எழுந்தேன். "அன்னைக்கு மாப்ள தட்டுன்னு நான் சொன்னது தப்புங்க. தெரியாம சொன்னேன். அந்த வாக்க நான் திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன். அவர்கள் பதிலுக்குக் காத்திராமல் பூவிழி நடுக் கூடத்துக்கு வந்து பெட்டியை எடுத்தாள். கருவியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

வெண்கலம் வராது என்று வேலுச்சாமி சொல்லி அனுப்பிவிட்டார். பேசினபடி நடக்காததால் அதுவும் நடக்காதாம். சரோஜினியின் அம்மா புழங்கிய உருளியை அவர்கள் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? பெண் தட்டில் வைத்தது என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர்களே ஒத்துக்கொண்ட சாமான். இதை நான் சும்மா விடப்போவதில்லை. வக்கீலிடம் முதல் பேச்சே அதுதான்.

என்ன செய்யலாம் என்று சரோஜினியைக் கேட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"என்னையும் கேக்கறீங்களா?" என்றாள். பிறகு, "உருளி வேணும். ஆனா வக்கீலுகிட்ட நானும் வர்றேன்" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. உள்ளே இருந்த வரைபடம் மடிப்பில் கிழிந்திருக்கிறது. படம் எடுக்கப் பிரித்தவர்களின் வேலை. காந்திபுரத்துக் கடைக்காரர் பார்த்தால் பாதி விலை போயிற்று என்பார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பூவிழி கிழிசலுக்குப் பின்பக்கம் டேப் ஒட்டிவிட்டு, ஆறாவது டிஸ்க்கை எடுத்துக் கருவிக்குள் போட்டாள். விட்ட இடத்திலேயே அந்தக் கிழவி நின்றுகொண்டிருந்தாள்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். கிழவி மெதுவாகத்தான் நடக்கிறாள். எனக்குப் பாதி புரியவில்லை.

சரோஜினியின் சீரியலுக்கு நேரமாகிவிட்டது. பழக்கத்தில் ரிமோட்டை எடுக்கக் கை போனது. பிறகு, "டிவிய மாத்தலாமா கண்ணு?" என்றேன். "இன்னுங் கொஞ்ச நேரங்கப்பா" என்றாள். சரோஜினி முணுமுணுத்துக்கொண்டே பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை யார் படித்தாலும், ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவருடைய பொருளைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.